கழுவாத பெட்டி

(திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில், வாகன ஓட்டுநர்களும் பழுதுபார்ப்போரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணிக்கவாசகப் பெருமான் திருவெம்பாவை பாடிய இடம் என்று பரம்பரையாகப் போற்றப்பட்டு, அவருக்கெனத் தனிக் கோயிலும் உடைய இந்த ஊரில், ஞானத்தைப் பற்றிப் பேச வருகிறவர்களுக்கு என்றும் குறைவிருந்ததில்லை. நான் பேச எடுத்துக்கொண்டதோ எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் தூளும் படிந்த விஷயம். ஒரு வண்டியிலிருந்து கழற்றிய பழைய கியர் பெட்டியை இன்னொரு வண்டியில் பூட்டுவதற்கு முன்னால், அது நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதே இன்றைய பேச்சு. அற்ப விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் முன்பணம் வாங்கிக்கொண்டு நள்ளிரவில் செங்கம் சாலையில் மூன்றாம் கியர் விழாமல் நின்றுவிட்ட ஓட்டுநருக்கு அதைவிடப் பெரிய விஷயம் அந்த நேரத்தில் உலகில் வேறில்லை என்பதை, இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

புதிய பெட்டியை வாங்கிப் போட்டால் தொல்லையில்லையே என்று கேட்கலாம். கிடைத்தால்தானே போடுவது! 1958 முதல் மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் உற்பத்தியாகி, கலெக்டர் முதல் கலியாண மாப்பிள்ளை வரை அனைவரையும் சுமந்த அம்பாசிடர் கார், 2014 மே மாதத்தில் தொழிற்சாலை வேலை நிறுத்தி வைக்கப்பட்டதோடு நின்றுபோயிற்று. 1983 டிசம்பரில் வெளிவந்து, நடுத்தரக் குடும்பத்தைக் காரோட்டும் குடும்பமாக மாற்றிய மாருதி 800-ம் அதே 2014-இன் ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஒரே ஆண்டில் இரண்டு வம்சங்கள் முடிந்தன என்றாலும் அவற்றின் சந்ததிகள் இன்னும் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சென்னைக்கு அருகே நமது தமிழ்நாட்டிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இன்றும் ஆசையோடு வைத்திருப்போர் உண்டு. இத்தகைய வண்டிகளுக்குக் கியர் பெட்டி வேண்டுமானால், தன் காலத்தை முடித்துக்கொண்ட இன்னொரு வண்டியின் வயிற்றிலிருந்துதான் அது வரவேண்டும். வேறு வழியில்லை.

இப்படிப் பழைய பாகத்தைக் கொண்டு வண்டியை வாழவைப்பது நமக்குப் புதிய வித்தையும் அன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் அருகி, டயர் கிடைக்காமல், வெளிநாட்டிலிருந்து ஓர் ஆணியும் வந்து சேராத நாளில், கரிவாயுக் கலத்தைப் பின்னால் மாட்டிக்கொண்டும், தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் ஒட்டிக்கொண்டும் தமிழ்நாட்டின் பஸ்கள் ஓடின. அதன் பின்னர் வந்த அனுமதிச் சீட்டுக் காலத்தில், ஒரு புதிய காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள், கையிலிருந்த காரை எவ்வாறாயினும் ஓட்டியே தீரவேண்டிய நிர்ப்பந்தத்தில் இருந்தார்கள். சென்னையில் கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டையில், ஒரு காரைக் காலையில் உள்ளே விட்டால் மாலையில் அது கதவாகவும் கண்ணாடியாகவும் அச்சாகவும் கியர் பெட்டியாகவும் வெவ்வேறு கடைகளில் தொங்கும் என்று சொல்லுவார்கள். அந்தச் சந்தை தழைத்ததற்கு மூலகாரணம் இந்த நிர்ப்பந்தமே. நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் போகிறார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் உக்கடத்துக்குப் போகிறார்கள்.

இந்தத் திருவண்ணாமலை வட்டாரத்துக்கென்று ஒரு விசேஷமும் உண்டு. பௌர்ணமி தோறும், கார்த்திகைத் தீபத்துக்கு அதைவிடப் பலமடங்காகவும் ஜனங்கள் திரள, ஊர் எல்லையில் அமைக்கும் தற்காலிகப் பஸ் நிலையங்களுக்கும் ஊருக்கும் இடையே, நடக்கிறவனைவிட மெதுவாக, முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் மாறி மாறித் தவழ்ந்துகொண்டு வண்டிகள் போகின்றன. மறுநாளே அதே வண்டி போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏற்றத்தில் ஆட்களோடும் மூட்டைகளோடும் முனகிக்கொண்டு ஏறுகிறது. கீழ்க் கியர்கள் இத்தனை உழைப்பை வேறெங்கே காணும்! ஆகவே இந்த வட்டாரத்து வண்டியில் முதலில் களைத்துப்போவது இரண்டாம் கியர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது உதவும்.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கியர் பெட்டியின் விலை அதன் செலவில் ஒரு பகுதிதான். அதை வண்டிக்கு அடியில் படுத்து இறக்கி ஏற்றும் உழைப்பே பெரிய செலவு. முன்சக்கரங்களை ஓட்டும் சிறிய கார்களில், சக்கர அச்சுகளை உருவி, கம்பிகளையும் இணைப்புகளையும் கழற்றி, எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்துத்தான் பெட்டியை வெளியே எடுக்க முடியும். பெட்டி கெட்டது என்று பூட்டிய பிறகு தெரிந்தால், அந்த உழைப்பு முழுவதையும் இரண்டாந்தரம் செய்யவேண்டும். அந்த இரண்டாந்தரக் கூலியை விற்றவர் கொடுக்கமாட்டார், வண்டிக்காரர் கொடுக்க விரும்பமாட்டார், கடைசியில் மெக்கானிக்கின் தலையிலேயே விடியும். தரையில் கிடக்கும்போது ஒருமணி நேரம் பொறுமையாகப் பார்த்தால் தவிர்க்கக்கூடிய நஷ்டம் அது.

இங்கே கார்த்திகைத் தீபத்தை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்துக்கு மணி கட்டி நிறுத்தியிருப்பான் விற்கிறவன். வாங்க வந்த குடியானவனோ கொம்பையும் மணியையும் ஏறெடுத்தும் பாராமல், நேரே வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பான். புதுப்பேட்டைக்குப் போகிற நம்முடைய ஆட்கள் இந்தக் குடியானவனின் புத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் என் முறையீடு. டீசலில் கழுவி, கம்பித்தூரிகையால் தேய்த்து, வெள்ளி வர்ணம் அடித்துப் பளபளவென்று நிற்கும் பெட்டியை, 'பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறதே' என்று மகிழ்ந்து தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: கழுவாத பெட்டியைக் கேளுங்கள், எண்ணெயை வடிக்காத பெட்டியைக் கேளுங்கள். அழுக்கும் எண்ணெயும் அந்தப் பெட்டியின் வரலாறு. வரலாற்றைத் துடைத்துவிட்டு ஒருவன் பண்டத்தைக் காட்டினால், துடைக்கவேண்டிய காரணம் என்ன என்று கேட்பதில் தவறில்லை. எல்லா வியாபாரிகளும் வஞ்சகர்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் பண்டம் பார்வையாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் கழுவுகிறார்கள். ஆனால் நல்லெண்ணத்தோடு அழித்தாலும் சாட்சியம் அழிந்தது அழிந்ததுதானே.

சைவ சித்தாந்தம் கற்றவர்கள் காண்டல், கருதல், உரை என்று பிரமாணங்களை வகுத்துச் சொல்வார்கள். நம் பெட்டிக்கும் அந்த மூன்றும் உண்டு. பல்லையும் உறையையும் கண்ணால் பார்ப்பது காண்டல். எண்ணெயைக் கண்டு உள்ளே நடந்ததை ஊகிப்பது கருதல். விற்கிறவர் சொல்வது உரை. சித்தாந்திக்கு உரை என்பது ஆகமம், அதுவே மேலான பிரமாணம். நமக்கோ அது மூன்றிலும் கடைசி என்பதை மட்டும் அவர்கள் மன்னிக்கவேண்டும்.

கருதலிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மூடியைத் திறக்காமலே மிகுதியாகச் சொல்லக்கூடியது எண்ணெய்தான். அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றி, ஒரு வெள்ளைத் தட்டிலோ சுத்தமான பழைய வெள்ளைத் துணியிலோ எண்ணெயைப் பிடியுங்கள். கறுத்த டப்பாவில் பிடித்தால் பாதி சாட்சியம் அதிலேயே மறைந்துபோகும். எண்ணெய் கறுத்திருந்தால் மட்டும் அஞ்சவேண்டாம், வயதான எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். ஆனால் முகர்ந்து பார்க்கையில் தீய்ந்த வாடை அடித்தால், அந்தப் பெட்டி எண்ணெய் குறைந்த நிலையில் சூடேறி ஓடியிருக்கிறது என்று கொள்ளலாம். வெயிலில் சாய்த்துப் பார்க்கையில் பொன்னிறமாக மினுமினுத்தால், அது பித்தளைத் தூள். கியர்களைச் சத்தமில்லாமல் சேர்த்துவைக்கும் சிங்க்ரோ ரிங்குகள் அந்த உலோகத்தாலானவை, அவை தேய்வது இயற்கை. மெல்லிய மினுமினுப்புக் குற்றமில்லை. எண்ணெயே பொன்வண்ணக் குழம்பாக இருந்தால் ரிங்குகள் ஆயுளை முடித்துக்கொண்டன. காந்தம் வைத்த டிரெயின் போல்ட்டாக இருந்தால் அதன் நுனியைப் பாருங்கள். விரலில் மையாக ஒட்டும் சாம்பல்நிறப் பசை நீண்டகால உழைப்பின் சாதாரணத் தேய்மானம். அதில் ஊசியைப்போல் குத்தும் சிம்போ, செதிலோ, கோணமுள்ள துண்டோ அகப்பட்டால், எங்கோ ஒரு பல் உடைந்திருக்கிறது அல்லது ஒரு பேரிங் உதிர்ந்துகொண்டிருக்கிறது. அப்போது பேரம் பேசக்கூட நிற்கவேண்டாம்.

எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீர் எப்படிப் புகும்? கியர் பெட்டியின் மேற்புறத்தில், உள்ளே சூடேறும் காற்று வெளியேறுவதற்கென ஒரு மூச்சுத்துளை வைத்திருப்பார்கள். ஓடிச் சூடான வண்டி வெள்ளத்தில் இறங்கியவுடன், உள்ளிருக்கும் காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்கி, அந்தத் துளையின் வழியே வெளித்தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அப்படியே. அடுத்த ஆண்டு பெஞ்சல் புயல் நம் மாவட்டத்தையே மூழ்கடித்தது. காப்பீட்டுக்காரர்கள் முழு நஷ்டமென்று தள்ளிய வண்டிகள் ஏலத்தில் போய்ப் பிரிக்கப்படும்போது, அவற்றின் கியர் பெட்டிகளும் சந்தைக்கு வரத்தான் செய்யும். எண்ணெயை மாற்றிவிட்டால் நிறம் மாறிவிடும். ஆனால் பேரிங்கின் குண்டுகள் ஓடும் பாதையில் நின்ற தண்ணீர் இட்ட துருப்புள்ளிகள் மாறா. அவை உருளும்போது கரகரக்கும், நாளடைவில் பெயரும்.

எண்ணெயைப் பற்றிய பேச்சில் ஒரு பழைய மோசடியையும் சொல்லவேண்டும். சத்தம் போடும் கியர் பெட்டியில் மரத்தூளைக் கலந்து ஊற்றிவிட்டால் சிலநாள் சத்தம் அடங்கியிருக்கும் என்பது, பழைய கார் வியாபாரத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் தந்திரம். வாழைப்பழத்தோலைப் போட்டவர்களும் உண்டாம். பழத்தை யார் தின்றார்கள் என்று தெரியவில்லை. இந்நாளில் மரத்தூளைக் காட்டிலும், வேண்டியதைவிடக் கெட்டியான எண்ணெயையோ கிரீஸையோ அடைத்துவிடுவதே அதிகம். எனவே வடிகிற எண்ணெய் அளவுக்கு மீறித் தயங்கித் தயங்கி இறங்கினால், அதுவும் ஒரு சாட்சியமே.

அடுத்தது காண்டல். முதலில், இது உங்கள் வண்டிக்குரிய பெட்டிதானா என்று பாருங்கள். வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகளைப்போல் இருக்கும் இரண்டு பெட்டிகள், உள்ளே வேறு வேறு பல் எண்ணிக்கை உடையனவாக இருக்கலாம்; அம்பாசிடரிலேயே பழைய நான்கு கியர்ப் பெட்டி வேறு, 1990களில் இசுசு எஞ்சினோடு வந்த ஐந்து கியர்ப் பெட்டி வேறு. உள்சாஃப்ட்டின் பல்வரிகளை எண்ணி, உங்கள் கிளட்ச் பிளேட்டை அதில் செருகிப் பாருங்கள். தாராளமாக வழுக்கிப் போகவேண்டும், ஆனால் சுற்றில் ஆடக்கூடாது. எஞ்சினோடு சேரும் முகத்தின் துளைகள், ஸ்டார்ட்டர் பொருந்தும் இடம், தாங்கி மாட்டும் காதுகள், ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடம் ஆகியவற்றைப் பழைய பெட்டியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

கியர் விகிதத்தைக் கையாலேயே கணக்கிடலாம் என்பதைப் பலர் அறியார். சாக்கட்டியால் உள்சாஃப்ட்டிலும் வெளிசாஃப்ட்டிலும் ஒவ்வொரு கோடு இட்டு, ஒரு கியரைப் போட்டு, வெளிசாஃப்ட் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்கு உள்சாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணினால் அதுவே அந்தக் கியரின் விகிதம். அம்பாசிடர் போன்ற வண்டியில் டாப் கியரில் இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாகச் சுற்றும். மாருதி 800 போன்ற முன்சக்கர வண்டியிலோ டிஃபரன்ஷியலும் அதே உறைக்குள் அடக்கம். அங்கே ஒரு பக்கத்து வெளியச்சைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றவேண்டும். ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் இரட்டிப்பாகச் சுற்றும் என்பது டிஃபரன்ஷியலின் தன்மை. இதை மறந்து கணக்கிட்டால் நல்ல பெட்டியைத் தப்பான பெட்டி என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

உறையைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. அலுமினிய உறையில் காதுகளின் வேரிலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பற்றவைத்த தழும்பு தெரிந்தால் அதன் காரணத்தைக் கேளுங்கள். இணைப்புகளின் ஓரத்தில் சிலிகான் பசை பிதுங்கி நின்றாலும், போல்ட்டுகள் ஒரே வகையாக இல்லாமல் கலந்து கிடந்தாலும், முன்பே ஒரு கை அதைத் திறந்திருக்கிறது. திறந்ததே குற்றம் என்று சொல்லவரவில்லை. என்னென்ன மாற்றினார்கள் என்று தெரியாமல் வாங்குவதுதான் குற்றம்.

இப்போது கையால் சுற்றிப் பாருங்கள். இங்கேதான் நல்ல பெட்டிகள் அநியாயமாகத் தண்டிக்கப்படுகின்றன. உள்சாஃப்ட்டின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி, 'ஆட்டம் இருக்கிறது, பேரிங் போச்சு' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பெட்டி வண்டியில் இருக்கும்போது அந்த நுனியை கிராங்க் சாஃப்ட்டின் முனையிலுள்ள புஷ்ஷோ சிறு பேரிங்கோ தாங்கிக்கொண்டிருக்கும் அமைப்பே மிகப் பல வண்டிகளில் உண்டு. தனியே கிடக்கும்போது அந்தத் தாங்கல் இல்லை. எனவே நுனியில் சிறிதளவு ஆட்டம் இருந்தே தீரும். கவனிக்கவேண்டியது முன்னும் பின்னுமாக இழுத்தால் தெரியும் ஆட்டத்தை. அது விரலுக்குத் தெரிகிற அளவு இருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து மெல்லச் சுற்றுங்கள். அவசரப்பட்டுச் சுற்றினால் கரகரப்பு மறைந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டினால் பல்லில் குறை, சுற்று முழுவதும் மணல் போலக் கரகரத்தால் பேரிங்கில் குறை.

கியர்களை ஒவ்வொன்றாகப் போடும்போது உள்சாஃப்ட்டை இன்னொரு கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போடவேண்டும். அசையாமல் நிற்கும் பெட்டியில் பல்லும் பள்ளமும் எதிர்எதிரே அமையாவிட்டால் நல்ல பெட்டியிலும் கியர் விழாது. விழுந்தபின் 'டக்' என்று உட்காரும் உணர்ச்சி கைக்குத் தெரியவேண்டும். அந்த உணர்ச்சியைத் தருபவை உள்ளே ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்டிருக்கும் சிறு குண்டுகள். ஸ்பிரிங் தளர்ந்தால் கியர் எங்கே உட்கார்ந்தது என்றே தெரியாது. அடுத்து ஒவ்வொரு கியரிலும், வெளிசாஃப்ட்டைப் பலமாகப் பிடித்துக்கொண்டு உள்சாஃப்ட்டை முன்னும் பின்னும் முறுக்குங்கள். கியர் தானாகக் கழன்றுகொள்ளும் வியாதி பெரும்பாலும் இந்தப் பின்முறுக்கில்தான் வெளிப்படும். ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தை இழுக்கிறது, இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரம் எஞ்சினை இழுக்கிறது. மலையிறக்கத்தில் மூன்றாம் கியர் நழுவி நியூட்ரலுக்குப் போவது பொறியியல் பிரச்சினை மட்டுமன்று, உயிர்ப் பிரச்சினை.

மேல்மூடியோ பக்கமூடியோ எளிதில் திறக்கக்கூடிய பெட்டியானால், விற்பவரைத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் விலையைக் குறையுங்கள். விலையையும் குறைக்க மறுத்தால் வேறு கடை பாருங்கள். பற்களின் பக்கங்கள் வழவழப்பாக, ஒரே சீரான பளபளப்போடு இருக்கவேண்டும். அம்மைத் தழும்புகள்போல் குழிகள் இருந்தால் மேற்பரப்பின் கடினத்தோல் உரியத் தொடங்கிவிட்டது. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன இரண்டாம் கியரை, அதிலும் அதன் சிங்க்ரோ ரிங்கை, இங்கே பாருங்கள். 1890களில் பாரிஸில் பனார்–லவாசோர் கம்பெனியார் ஒரு கியரை இன்னொரு கியரோடு வலுக்கட்டாயமாக நழுவவிட்டுச் சேர்க்கும் அமைப்பைச் செய்தபோது, ஓட்டுகிறவனின் காதும் காலுமே சிங்க்ரோ. 1928-இல் அமெரிக்காவில் காடிலாக் காரில் சிங்க்ரோமெஷ் வந்த பின்புதான், சுற்றும் வேகத்தைச் சமப்படுத்தும் வேலையை ஒரு பித்தளை ரிங் ஏற்றுக்கொண்டது. அந்த ரிங்கைக் கியரின் கூம்பின்மேல் கையால் அழுத்திவைத்து, ரிங்கின் பல்வரிக்கும் கியரின் பல்வரிக்கும் இடையேயுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். புதிதாக இருக்கையில் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும் இடைவெளி, தேயத் தேயக் குறைந்துகொண்டே வரும். எல்லை எவ்வளவு என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். அரை மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் ரிங்கை மாற்றுவதே மேல். ரிவர்ஸ் கியருக்குப் பெரும்பாலும் சிங்க்ரோ கிடையாது. பழைய அம்பாசிடரில் முதல் கியருக்கும் இல்லை. ஆகவே அவற்றின் பற்களின் முனைகள் கொஞ்சம் மழுங்கியிருப்பதைக் கண்டு பதறவேண்டாம். முனை மழுங்கலாம், வேர் விரியக்கூடாது.

இவ்வளவும் பெட்டி கழற்றிக் கிடக்கும்போது செய்வது. வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே நீங்கள் போய்ச்சேர முடிந்தால், அதைவிடப் பாக்கியம் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில், கிளட்சை மிதிக்காமல் கேளுங்கள். உருமல் கேட்டு, கிளட்சை மிதித்தவுடன் அது நின்றால் உள்சாஃப்ட் பேரிங்கிலோ, அதற்கு இணையாக உள்ளே சுற்றும் லே சாஃப்ட்டிலோ குறை. மாறாக மிதித்தவுடன் சத்தம் பிறந்தால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங், பெட்டியின் குற்றமன்று. டாப் கியர் நேரடியாக ஓடும் அமைப்பில், மற்றக் கியர்களிலெல்லாம் ஊளையிட்டு டாப்பில் மட்டும் அடங்கினால் லே சாஃப்ட்டைச் சந்தேகியுங்கள். டாப்பில் அது சுற்றினாலும் பாரம் சுமப்பதில்லை.

உரை என்ற பிரமாணத்துக்கும் உரிய இடத்தைக் கொடுத்துவிடுவோம். எந்த வண்டி, எந்த ஆண்டு, வண்டியை ஏன் பிரித்தார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முன்பக்கம் மோதி நசுங்கிய வண்டியின் கியர் பெட்டி, உறை தப்பியிருந்தால், பெரும்பாலும் நல்ல பெட்டி. அது நேற்றுவரை ஓடிய வண்டி. 'எஞ்சின் போய்விட்டது, பெட்டி நன்றாக இருக்கிறது' என்றாலும் நம்பலாம். 'சும்மாதான் பிரித்தோம்' என்பது பதிலாகாது. நமது பதிவுச் சான்றிதழில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவாகின்றன; கியர் பெட்டிக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. திருட்டு வண்டியின் பெட்டியும் சந்தையில் தடையின்றி நடமாட இதுவே வாய்ப்பு. எனவே கடைப்பெயரோடு ரசீது வாங்குங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்ன 'பார்த்துக்கலாம் அண்ணே' என்பது ஸ்பேனரை எடுக்கும்போது உதவாது.

பெட்டி தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பூட்டுவதற்கு முன் முன்னும் பின்னும் உள்ள ஆயில் சீல்களைக் கேள்வியின்றி மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய்ச் சீலுக்காக முழுப் பெட்டியையும் மறுபடி இறக்கும் கஞ்சத்தனத்தை நான் கண்டிருக்கிறேன், அதை என்னால் மன்னிக்க முடிவதில்லை. கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் முனைப் புஷ் ஆகியவற்றையும் அதே மூச்சில் பார்த்துவிடுங்கள். கிளட்ச் பிளேட்டைப் பழைய உள்சாஃப்ட் ஒன்றைச் செருகி நடுப்படுத்துங்கள். பெட்டியை ஏற்றும்போது அதன் பாரம் உள்சாஃப்ட்டின்மேல் தொங்க ஒருபோதும் விடாதீர்கள். ஜாக்கியோ இன்னொரு ஆளோ தாங்கியே இருக்கவேண்டும். உறையின் முகம் எஞ்சினோடு கையழுத்தத்திலேயே சேரவேண்டும். சேராவிட்டால் காரணம் உள்ளே இருக்கிறது; போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்த்தால் உறையின் காது உடையும், அல்லது பிளேட்டின் நடு வளையும்.

எண்ணெய், தயாரித்தவர்கள் கையேட்டில் சொன்ன ரகமே ஊற்றவேண்டும். டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் கந்தகம் மிகுந்த ஜிஎல்-5 ரகத்தை, 'கெட்டியாக இருக்கிறது, நல்லது' என்று சிங்க்ரோ உள்ள பெட்டியில் ஊற்றுகிறார்கள். கையேடு ஜிஎல்-4 கேட்டால் ஜிஎல்-4 தான். பித்தளை ரிங் தன் வேலையைச் செய்ய உராய்வு வேண்டும். அளவுக்குமேல் வழுக்கும் எண்ணெயில் அது வழுக்கிக்கொண்டே இருக்கும், சிலவகை எண்ணெய்கள் அந்த உலோகத்தையே அரிக்கவும் செய்யும். நிரப்பும் துளையின் விளிம்புவரை நிரப்பி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தியே அளவு பாருங்கள்.

பின்பு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கிரிவலப் பாதையில் வேண்டாம்; அங்கே நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் சோதனைக்கு அவர்கள் பொறுப்பில்லை. செங்கம் சாலையிலோ அவலூர்ப்பேட்டைச் சாலையிலோ கூட்டமில்லாத நேரத்தில், ஒவ்வொரு கியரிலும் வேகமெடுத்து, ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டுப் பாருங்கள். லீவர் தானாக அசைகிறதா என்று கவனியுங்கள். வேகத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கடித்தால், நீங்கள் அளந்த இடைவெளியை மறுபடி நினைத்துப் பார்க்கவேண்டும். திரும்பி வந்ததும் உறையைத் தொட்டுப் பாருங்கள், இணைப்புகளில் கசிவு உண்டா என்று அடியில் ஒரு காகிதத்தை விரித்து இரவு முழுவதும் விட்டுவையுங்கள். வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், இன்னும் புதிதாகவே இருக்கும் அந்த எண்ணெயை, விலையைப் பாராமல் வெள்ளைத் தட்டில் வடித்துவிடுங்கள். முதல் எண்ணெய் முந்திய சொந்தக்காரரின் வண்டியைப் பற்றிச் சொன்னது. இது உங்களுடைய வண்டியைப் பற்றிச் சொல்லும். அதில் சிம்பு ஏதேனும் கிடைத்தால், ரசீதில் எழுதிய நாள் கடப்பதற்குள் தட்டோடு கடைக்குப் போங்கள்.